கிராமத்தில் பக்கவாதம் வந்தால்: மூளைக்கான அவசர சிகிச்சை ஏன் எல்லோருக்கும் எட்டுவதில்லை?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகின்றன. ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006-இல் போட்ட கணக்கு இது. பக்கவாதம் வந்தவரைப் பிடித்துப் படுக்கவைத்து, கை காலைத் தேய்த்துவிட்டு, "விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போய்க்கலாம்" என்று வீட்டில் முடிவெடுப்பதற்குள்ளேயே கோடிக்கணக்கில் போய்விடும்.

ஜெர்மனியில் ஒரு நகரத்தில் இருப்பவருக்கும் அசாமில் தேயிலை பறிப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். அந்த நிமிடங்களைக் காப்பாற்றித் தருகிற ஏற்பாடு மட்டும் ஒருவருக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது, இன்னொருவருக்கு ஆறு தாண்டி, மலை தாண்டி எங்கோ இருக்கிறது. ஏழை நாடுகளின் கிராமங்களில் நரம்பியல் அவசர சிகிச்சை ஏன் கிடைப்பதில்லை, எந்தெந்த இடத்தில் அறுந்துபோகிறது, அதை ஒட்டவைக்க யார் என்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் அசாமை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பிரச்சினையும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, தீர்வுக்கான முயற்சியும் நிஜமாகவே நடந்திருக்கிறது.

முதலில், நரம்பியல் அவசரம் என்றால் என்ன? மூளையோ, தண்டுவடமோ, மூச்சுவிட உதவும் நரம்புகளோ சில நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ கெட்டுப்போகக்கூடிய நிலை. பக்கவாதம், நிற்காத வலிப்பு, தலையில் பலத்த அடி, மூளைக்காய்ச்சல், மூளையைத் தாக்கும் மலேரியா எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் அதிகம் பேரைக் கொல்வது பக்கவாதம் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரே அறிகுறி, நேரெதிரான இரண்டு நோய்கள்

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்கினால் விழுகிறது, பேச்சு குழறுகிறது. ஊரில் "கை கால் இழுத்துக்கிச்சு" என்பார்கள். பார்ப்பதற்கு எல்லாப் பக்கவாதமும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே நடப்பது இரண்டில் ஒன்று: ரத்தக்குழாய், உறைந்த ரத்தக் கட்டியால் அடைபட்டிருக்கலாம், அல்லது வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்றால் அழுத்தம் கொடுத்துத் தள்ளிவிடப் பார்ப்போம். குழாய் வெடித்திருந்தால் அதையே செய்து வீட்டை மூழ்கடித்துவிடுவோம். மூளையிலும் அதே சிக்கல்தான்.

அடைப்புக்கு மருந்து இருக்கிறது. அல்டிப்ளேஸ் என்ற, கட்டியைக் கரைக்கும் ஊசி. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போடப்படும் நூறு பேரில் கூடுதலாகப் பத்துப் பேர் பெரிய ஊனம் இல்லாமல் எழுந்து நடக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் அந்தப் பத்து ஐந்தாகிவிடுகிறது. ஊசிக்கு ஆபத்தும் உண்டு: நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு மூளைக்குள் உயிரைப் பறிக்கும் அளவு ரத்தம் கசியலாம். ஏற்கெனவே ரத்தக்கசிவு இருப்பவருக்குத் தெரியாமல் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அதனால்தான் சிடி ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் இந்த ஊசியைத் தொடமாட்டார். வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினைக்கூட ஸ்கேனுக்கு முன்னால் கொடுக்கக் கூடாது. ஆக, கிராமத்து நோயாளிக்கு முதல் தேவை ஒரு ஸ்கேன் இயந்திரம், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், கையிருப்பில் ஒரு மருந்து. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நாலரை மணி நேரத்துக்குள் சேரவேண்டும்.

அந்த நாலரை மணி நேரம் எங்கே போகிறது?

அசாமின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பழைய வழக்கம். வேலை நேரத்தில் தொழிலாளர்களுக்கு உப்புப் போட்ட தேநீர் தருவார்கள். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட என்று ஆரம்பித்தது, தலைமுறைகளாகத் தொடர்கிறது. இந்தத் தோட்டங்களில் ரத்த அழுத்தம் மிக அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்கு உப்பு ஒரு காரணம், மதுவும் புகையிலையும் வேறு காரணங்கள். தனக்கு பிபி இருப்பதே பலருக்குத் தெரியாது. பக்கவாதம் வருகிற அன்று தொடங்குகிற கதை இல்லை இது.

இப்படி ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விடியற்காலை எழுந்து நிற்கும்போது வலது கால் ஒத்துழைக்கவில்லை. வலி கிடையாது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துவார், வீடே ஓடிவரும். பக்கவாதம் பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் பதறுவதில்லை. தூங்கி எழுந்ததால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து எண்ணெய் தேய்க்கிறார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றும் யாருக்கும் தெரியாது. மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

ஒரு மணி நேரம் கழித்துப் பேச்சு குழறும்போதுதான் பயம் வருகிறது. பக்கத்துக் கடையில் ஊசி போடுபவரிடம் போகிறார்கள், அல்லது தோட்டத்து மருந்தகத்துக்கு. அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஸ்கேன் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். வண்டி பேசவேண்டும், பணம் புரட்டவேண்டும், கூட வர ஒரு ஆண் துணை வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்தால், அதுவும் தனியாக இருக்கும் வயதான பெண்ணாக இருந்தால், இந்தத் தாமதம் இன்னும் நீளும்.

அப்புறம் ஆறு. பிரம்மபுத்திராவின் வடகரையில் இருக்கும் தேமாஜி மாவட்டத்துக்காரர்களுக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை தென்கரையில், திப்ரூகரில். 2018 டிசம்பர் 25-இல் போகிபீல் பாலம் திறக்கும்வரை, ஆற்றைக் கடக்கப் படகு. படகு இல்லையென்றால் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்று. பாலத்தின் நீளம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஐந்து கிலோமீட்டர் இல்லாததால் மட்டும் எத்தனை பேர் நாலரை மணி நேரத்தைத் தாண்டியிருப்பார்கள்! மாஜுலி போன்ற ஆற்றுத் தீவுகளில் படகுச் சேவை இருட்டியதும் நின்றுவிடும், வெள்ளக் காலத்தில் பகலிலும் நிற்கும். ஒரு பாலத்தைச் சுகாதாரத் துறையின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் எழுதவேண்டும்.

மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரம் இருக்கலாம். இரவில் அதை இயக்க ஆள் இருக்கிறாரா? படத்தைப் பார்த்து "இது அடைப்புதான், கசிவு இல்லை" என்று துணிந்து சொல்ல யார்? சொன்னாலும் மருந்துக்கு என்ன வழி? இந்தியாவில் கட்டி கரைக்கும் ஊசி ஒரு டோஸ் வெளியில் வாங்கினால் பல்லாயிரம் ரூபாய். தோட்டத் தொழிலாளியின் மாதக்கணக்கான கூலி அது. கடைசியில் எல்லாம் சேர்ந்து வந்த நேரத்தில் மணியைப் பார்த்தால், காலக்கெடு முடிந்துபோயிருக்கும்.

இதில் எந்த ஒரு ஓட்டையையும் மட்டும் அடைத்துப் பயனில்லை. ஸ்கேன் வாங்கிவைத்து மருந்து வைக்காவிட்டால் ஸ்கேன் வீண். இரண்டையும் வைத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு அறிகுறி தெரியாவிட்டால் இரண்டும் வீண்.

மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நரம்பியல் அட்லஸில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. பணக்கார நாடுகளில் ஒரு லட்சம் பேருக்கு 4.75 நரம்பியல் நிபுணர்கள். மிக ஏழை நாடுகளில் 0.03. தசமப் புள்ளியில் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு கோடிப் பேருக்கு என்று மாற்றிப் பாருங்கள்: அங்கே 475 பேர், இங்கே மூன்றே பேர். அந்த மூன்று பேரும் பெரும்பாலும் தலைநகரத்தில்தான் இருப்பார்கள்.

இந்தியா அந்த மிக ஏழை நாடுகளின் பட்டியலில் இல்லை, ஆனால் நாட்டுக்குள்ளேயே அதே இடைவெளி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் கிருஷ்ணன் கணபதி, நாட்டின் நரம்பியல் மருத்துவர்களும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஊர் ஊராகத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார். பத்தில் மூன்று பேர் நான்கு பெருநகரங்களில். கிராமப்புறத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒரு நரம்பியல் மருத்துவர்கூட இல்லாத பகுதிகளில் வாழும் மக்கள் சுமார் 93 கோடி.

இதற்கு மருத்துவர்களைத் திட்டிப் பயனில்லை. எம்.பி.பி.எஸ், எம்.டி, அதற்கு மேல் மூன்று வருடம் டி.எம் என்று படித்துவிட்டு, ஸ்கேன் இல்லாத, ஐசியு இல்லாத ஊரில் உட்கார்ந்து அவர் என்ன வைத்தியம் பார்ப்பார்? இன்னும் இருபது வருடத்தில் போதுமான நிபுணர்களை உருவாக்கிவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், அவர்கள் எல்லாம் தேமாஜிக்குப் போய்விடப் போவதில்லை. அதனால் கேள்வியையே மாற்றிக் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். நிபுணர் போகமுடியாத இடத்துக்கு அவருடைய முடிவு போய்ச் சேருமா?

முடிவை நோயாளியிடம் கொண்டுபோவது

இமாச்சலப் பிரதேசத்தில் 2014-இல் ஒரு எளிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மலை மாநிலம், வளைந்து வளைந்து போகும் சாலை, நரம்பியல் நிபுணர்கள் மருத்துவக் கல்லூரிகளில் மட்டும். ஆனால் பல மாவட்ட மருத்துவமனைகளில் சிடி ஸ்கேன் இருந்தது. அங்கே இருந்த பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கவாத நோயாளி வந்ததும் ஸ்கேன் எடுத்து, படத்தைக் கைப்பேசியில் நிபுணருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்துவிட்டு போனிலேயே போடலாமா வேண்டாமா என்று சொல்வார். மருந்தை அரசு இலவசமாகத் தந்தது. ஆடம்பரமான தொலைமருத்துவக் கருவி எதுவும் கிடையாது. எல்லோர் கையிலும் இருக்கிற ஸ்மார்ட்போன்தான்.

அசாமில் இன்னொரு படி மேலே போனார்கள். தேஜ்பூரில் உள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மருத்துவமனையில் நரம்பியல் நிபுணர் இல்லாமலே, பொது மருத்துவர்களையும் செவிலியர்களையும் பழக்கி ஒரு ஸ்ட்ரோக் யூனிட், அதாவது பக்கவாதத்துக்கான தனிப் பிரிவு, அமைக்கப்பட்டது. திப்ரூகரில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஒரு ஆம்புலன்ஸுக்குள் சிடி ஸ்கேனையும், சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தையும், கட்டி கரைக்கும் மருந்தையும், நிபுணரோடு பேச ஒரு இணைப்பையும் வைத்து நோயாளியைத் தேடி அனுப்பியது. இந்த யோசனை ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரத்தில் பிறந்தது. கிளவுஸ் ஃபாஸ்பெண்டர் என்ற மருத்துவரின் குழு 2008-இல் முதல் வண்டியை ஓடவிட்டது. அழைப்பு வந்ததிலிருந்து சிகிச்சை முடிவு எடுக்கும் நேரம் 76 நிமிடத்திலிருந்து 35 நிமிடமாகக் குறைந்தது என்று 2012-இல் எழுதினார்கள்.

ஜெர்மனியில் மிச்சமானது நாற்பது நிமிடம். அசாமில் மிச்சமானது அதைவிட எவ்வளவோ அதிகம். சிகிச்சை கிடைக்க முன்பு சுமார் 24 மணி நேரம் ஆனது, இந்த வண்டியால் சுமார் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது, இறப்புகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்கிறது ஐசிஎம்ஆர். 2025 ஆகஸ்டில் இப்படிப்பட்ட இரண்டு வண்டிகளை அசாம் அரசிடம் ஒப்படைத்தார்கள். ஏற்கெனவே நல்ல வசதி இருக்கும் இடத்தில் ஒரு புதுக் கருவி கொஞ்சம்தான் உதவும், ஒன்றுமே இல்லாத இடத்தில் அதே கருவி வாழ்க்கையையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மூன்று கோடிக்கும் மேல் மக்கள் இருக்கும் மாநிலத்துக்கு இரண்டு வண்டி எம்மாத்திரம்? விலையும் பராமரிப்பும் பெரிய செலவு. வண்டியை ஓட்டுவது மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள வட்டாரத்தில்தான் சாத்தியம். அதனால் ஊருக்கு ஊர் வண்டி வாங்கிவிடுவது வழியல்ல என்றே நினைக்கிறேன். வண்டி நிரூபித்துக் காட்டியது ஒன்றை: ஸ்கேனும் மருந்தும் போனில் ஒரு நிபுணரும் இருந்தால் போதும், தேயிலைத் தோட்டத்தின் நடுவிலும் சிகிச்சையைத் தொடங்கலாம். அதையே நாள் முழுக்க ஸ்கேன் இயங்கும் மாவட்ட மருத்துவமனைகளில் செய்வது இன்னும் மலிவு.

ஊசி போட்ட பிறகு

பக்கவாதம் பற்றிய பேச்சு எப்போதும் ஊசியிலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு அந்த ஊசி கிடையாது. தாமதமாக வந்தவர்களுக்கும் கிடையாது. கிராமத்து நோயாளிகளில் பெரும்பாலானோர் இந்த இரண்டில் ஒரு கூட்டத்தில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று வார்டில் ஒரு மூலையில் போட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய அநியாயம், ஏனென்றால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதற்கு நிபுணர்கூடத் தேவையில்லை.

விழுங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்துபோயிருக்கும். நம் வீடுகளில் என்ன செய்வோம்? மயக்கம் தெளியட்டும் என்று வாயில் தண்ணீர் ஊற்றுவோம், "ஒரு வாய் காபி குடிச்சா சரியாயிடும்" என்போம். அது உணவுக்குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்குள் போகும். இரண்டு மூன்று நாளில் நிமோனியா. மூளை பிழைத்தும் ஆள் பிழைக்காமல் போவது இப்படித்தான். இதைத் தடுக்க ஒரு செவிலியரும் ஒரு டீஸ்பூனும் போதும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார். இருமல் வருகிறதா, குரல் சளி கட்டியதுபோல மாறுகிறதா என்று கவனிப்பார். ஒன்றும் ஆகவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பார். தேறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் 19 ஸ்ட்ரோக் யூனிட்டுகளில் இதைச் சோதித்தார்கள். காய்ச்சலைக் கவனி, சர்க்கரையைக் கவனி, விழுங்குவதைக் கவனி என்று செவிலியர்களுக்கு மூன்று விதிகள். 2011-இல் வந்த முடிவு: தொண்ணூறு நாளில் இறந்தவர்கள் அல்லது பிறர் உதவியில் வாழ்பவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்ற யூனிட்டுகளில் நூற்றுக்கு 58, விதிகளைக் கடைப்பிடித்த யூனிட்டுகளில் 42. இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தவை ஒரு தெர்மாமீட்டர், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு ஸ்பூன்.

ரத்தக்கசிவுக்கும் இப்படி ஒன்று உண்டு. இந்தியா, இலங்கை, நைஜீரியா, வியட்நாம் உட்பட பத்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதன் விளைவை உடனே மாற்றுவது. தனித்தனியாக எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒன்றாகச் சேர்த்து, கடிகாரத்தைப் பார்த்துச் செய்தபோது நோயாளிகளின் நிலை தேறியது. மூளை ரத்தக்கசிவுக்கு மருந்தே இல்லை என்று கைவிரித்துக்கொண்டிருந்த மருத்துவ உலகத்துக்கு இது பெரிய செய்தி. அதிகம் பேருக்குப் போய்ச் சேராதது வருத்தம்.

இதற்காக எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சிகளை வீட்டாருக்கே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் பெரிய ஆய்வு நடந்தது. 2017-இல் முடிவு வந்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்து நோயாளிகளும் பெறாதவர்களும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் மகளிடம் பிசியோதெரபிஸ்ட் வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் எத்தனை நேரம் செய்வார்? வேலையைப் பகிர்ந்து கொடுப்பது நல்ல யோசனைதான். பகிர்ந்துகொள்பவருக்குச் சம்பளமும் நேரமும் மேற்பார்வையும் இருக்கவேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வருகிறது என்றால் அது உயிருக்கு ஆபத்தான அவசரம். நம் பக்கம் கையில் சாவியைத் திணிப்பார்கள். அதனால் ஒரு பலனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணி பார்ப்பதுதான் முதல் உதவி.

மருந்து கொடுக்க ரத்தக்குழாயைத் தேடி ஊசி குத்தவேண்டும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். துடித்துக்கொண்டிருக்கும் உடம்பில், ஓடும் வண்டியில், ரத்தக்குழாய் எங்கே கிடைக்கும்? ஆம்புலன்ஸ் ஊழியர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தொடையில் மிடசோலம் ஊசி போடப்பட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு மருத்துவமனை சேர்வதற்குள் வலிப்பு நின்றிருந்தது. ரத்தக்குழாயில் லொராசெபம் போடப்பட்டவர்களில் 63 சதவீதம். மிடசோலத்தை ஃபிரிட்ஜில் வைக்கவேண்டியதில்லை. மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. மின்சாரம் வந்து வந்து போகும் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு இந்த இரண்டு விஷயமும் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பல வலிப்பு அவசரங்கள் அவசரமாக ஆகியிருக்கவே வேண்டாம். உலகில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஏழை நாடுகளில் அவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. மருந்துக்கு ஆகும் செலவு வருடத்துக்கு ஐந்து டாலருக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரை இந்த மாதம் வந்து அடுத்த மாதம் வராமல் போகிற சுகாதார நிலையம்தான் பல நோயாளிகளை ஐசியு வாசலுக்கு அனுப்புகிறது, ஏனென்றால் திடீரென்று மாத்திரை நின்றால் வலிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும்.

மலாவிக் குழந்தைகள் கற்றுத்தந்தது

ஆப்பிரிக்காவின் மலாவியில், பிளான்டயர் நகரத்து குயின் எலிசபெத் மருத்துவமனைக்கு மூளை மலேரியாவோடு வரும் குழந்தைகள் பல பத்தாண்டுகளாக இறந்துகொண்டிருந்தார்கள். மலேரியா மருந்து கொடுத்தும் இறந்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. 2008-இல் அங்கே ஒரு எம்ஆர்ஐ இயந்திரம் வந்து சேர்ந்தது. டெரி டெய்லர் என்ற மருத்துவரின் குழு குழந்தைகளை நாள்தோறும் ஸ்கேன் செய்து பார்த்து 2015-இல் விடையைச் சொன்னது: இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. அந்த வீக்கம் கீழ்நோக்கி அழுத்தி, மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியை நிறுத்திவிடுகிறது. பிழைத்த குழந்தைகளில் சிலருக்கும் மூளை வீங்கித்தான் இருந்தது. இரண்டு மூன்று நாளில் அது தானாகவே வடிந்துவிட்டது.

அதாவது அந்த இரண்டு மூன்று நாள் யாராவது அவர்களுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சில குழந்தைகள் பிழைத்திருக்கலாம். வென்டிலேட்டர், தடையில்லாத ஆக்சிஜன், நின்றுபோகாத மின்சாரம், இரவிலும் விழித்துப் பார்க்கும் செவிலியர். தீவிர சிகிச்சை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நான்கும்தான்.

இதில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மூளை மலேரியா கிட்டத்தட்ட முழுக்க ஏழை நாடுகளின் நோய். அந்த நாடுகளில் ஸ்கேன் இல்லாததால், நோயாளிக்குச் சிகிச்சை மட்டும் இல்லாமல் போகவில்லை, அந்த நோய் எப்படிக் கொல்கிறது என்ற அறிவே உலகத்துக்கு இல்லாமல் இருந்தது.

முதலில் எதில் பணம் போடுவது?

பக்கவாதம் வராமல் தடுக்கும் பிபி மாத்திரையிலா, வந்த பிறகு காப்பாற்றும் ஸ்கேனிலா என்று கேட்டால் பல நிர்வாகிகள் உடனே முதலாவதைக் காட்டுவார்கள். மாத்திரை நிச்சயம் வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது பக்கவாதத் தடுப்புத்தான். உப்புத் தேநீர்த் தோட்டங்களில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எத்தனையோ பக்கவாதங்கள் வராமலே போகும். ஆனால் மலிவானதைச் செய்துவிட்டோம் என்பதைக் காரணம் காட்டி கிராமத்துக்காரருக்கு ஸ்கேனை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நகரத்துக்காரரிடம் யாரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2022 முதல் 2031 வரைக்குமான நரம்பியல் செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. காகிதத்தில் இருப்பது உங்கள் மாவட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கச் சில கேள்விகள் போதும். மாவட்ட அரசு மருத்துவமனையில் சிடி ஸ்கேன் இரவு பன்னிரண்டு மணிக்கும் எடுப்பார்களா? கட்டி கரைக்கும் மருந்து கையிருப்பில் இருக்கிறதா, இலவசமா? நிபுணர் இல்லாத நேரத்தில் டூட்டி டாக்டர் யாரைக் கூப்பிடுவார்? 108-இல் சொன்னால் நேராக ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்களா, இல்லை அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்கா? கிராம சபையில் கேட்கலாம், மருத்துவமனையிலேயே போய்க் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதியும் கேட்கலாம். பதில் கிடைத்தால் பிபி, சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் சொல்லிவையுங்கள்.